கரை வேட்டிப் போர்வை

ஒரத்தநாட்டில் உரக்கடை ரெங்கசாமி வீடு எது என்று கேட்டால் யாரும் கை காட்டிவிடுவார்கள். அவர் இப்போது எந்தக் கட்சி என்று கேட்டால் மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொல்வார்கள். முப்பது வருஷத்தில் ஆறு கட்சி. மனிதர் கெட்டவர் இல்லை. ஒரு பந்தலில் உட்கார நாற்காலி கிடைக்கவில்லை என்றால் எழுந்து அடுத்த பந்தலுக்குப் போய்விடுவார், அவ்வளவுதான். போன இடத்தில் நெஞ்சில் கை வைத்து, "பொறந்ததுலேர்ந்தே நான் இந்தக் கட்சிதான்" என்பார். சொல்லும்போது அவருக்கே அது சத்தியமாகத் தெரியும். அவர் மனைவி மேகலாவுக்கு வயிற்றெரிச்சலே அதுதான்.

மேகலாவுக்கு அந்த வீட்டில் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள இருந்தது மாடி அறை ஒன்றுதான். கீழே அவள் உரக்கடை வீட்டம்மா. வருகிறவர்களுக்கெல்லாம் காபி போட வேண்டும், யூரியா லோடு வந்துவிட்டதா என்று கேட்கிறவனுக்குப் பதில் சொல்ல வேண்டும். மாடியில் அவள் மேகலா. அங்கே வடக்கே பார்த்த இரண்டு ஜன்னல், காலால் மிதிக்கிற தையல் மெஷின், கழற்றிப் போட்ட பழைய கதவை இரண்டு முக்காலி மேல் படுக்கவைத்துச் செய்த வெட்டு மேஜை. நாலு வருஷமாகச் சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணி அடித்தால் பர்வினும் கனிமொழியும் அந்த மேஜைக்கு வந்துவிடுவார்கள்.

பர்வின் அடுத்த தெரு. புருஷன் சித்தீக் சவுதியில் இருக்கிறார். அவள் பிறந்த வீடு அதிராம்பட்டினம். அந்த வீட்டுப் பரணில் மலேயாவிலிருந்து வந்த பாத்திக் கைலி, ஜப்பான் நைலக்ஸ் சேலை, மாமாமார்கள் கப்பலில் கொண்டுவந்த பூப்போட்ட வாயில் துணி என்று ஒரு கடையே கிடந்தது. ஒவ்வொரு தடவை ஊருக்குப் போய்வரும்போதும் அதில் ஒன்று அவள் பையில் ஏறிக்கொள்ளும். துணியை விரலால் தேய்த்து, மூக்கில் வைத்துப் பார்த்து, "இது எழுபத்தெட்டுக்கு இந்தப் பக்கம் வராது" என்பாள். சரியா தப்பா என்று சொல்ல யாருக்கும் தெரியாது என்பதால் அவள் சொன்னதுதான் வருஷம்.

கனிமொழி தஞ்சாவூரில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். கத்தரிக்கோல் என்று நீங்கள் வாய் திறப்பதற்குள் அது உங்கள் உள்ளங்கையில் இருக்கும். மூன்று பேரில் வயது அவளுக்குத்தான் குறைவு, வாய் அவளுக்குத்தான் அதிகம். பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிற வண்டிக்காரரை ஒருநாள் ஸ்கூட்டியில் துரத்திப்போய், நடு ரோட்டில் மூட்டையை அவிழ்க்கச் சொல்லி, உள்ளே இருந்த கூறைநாட்டுக் கட்டம் போட்ட சேலையைப் பார்த்து மயங்கி, தன் வீட்டு இட்லிக் கொப்பரையைக் கொடுத்து அதை மீட்டுக்கொண்டு வந்தவள். அந்த வாரம் முழுக்க அவள் வீட்டில் தோசைதான்.

மூவரும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று கேட்காதீர்கள். பாதி நேரம் தையல், பாதி நேரம் சிரிப்பு. நாலரை மணிக்குப் பர்வின் ஒரு மூலையில் தொழுதுவிட்டு வருவாள். அவள் தொழுகை விரிப்புகூட மூவரும் சேர்ந்து ஒட்டுத்துணியில் தைத்ததுதான். அவள் எழுந்து வரும்வரை மற்ற இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு பொத்தானுக்குக் காஜா எடுப்பார்கள். அந்தப் பத்து நிமிஷம்தான் அந்த அறையில் அமைதி.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு காலையில் ரெங்கசாமி கட்டிலுக்கு அடியிலிருந்து டிரங்குப் பெட்டியை இழுத்தார். உள்ளாட்சித் தேர்தல் வருகிறது என்று பேச்சு. கவுன்சிலர் சீட்டு தனக்குத்தான் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

"இதுல கெடக்குற பழைய வேட்டியெல்லாம் பாத்திரக்காரன்கிட்ட போட்டுரு. யாரு கண்ணுலயும் படக் கூடாது" என்றார்.

"கண்ணுல பட்டா என்னங்க?"

"சொன்னதச் செய்யேன்."

சனிக்கிழமை மேகலா பெட்டியை மாடியில் வைத்துத் திறந்தாள். அந்துருண்டை வாசனை அடங்கியதும் மூவரும் எட்டிப் பார்த்தார்கள். உள்ளே அத்தனையும் கட்சிக் கரை போட்ட வேட்டி. ஐந்து கட்சி, ஐந்து கரை. கட்சிப் பெயரெல்லாம் நமக்கு எதற்கு, நாளைக்கு நம் வாசலில் ஆள் வந்து நிற்பான். நிறத்தை மட்டும் சொல்கிறேன். முதலில் கிளிப்பச்சை, ஒற்றை விரல் அகலம். அப்புறம் கத்திரிப்பூ. மூன்றாவது, வெந்தய மஞ்சளும் செங்கல் நிறமும் சேர்ந்து உள்ளங்கை அகலத்துக்கு ஓடுகிற தடித்த கரை. நாலாவது மயில் கழுத்து நீலம். ஐந்தாவது வெங்காயத் தோல் நிறம். கனிமொழி சிரித்துச் சிரித்து முக்காலியிலிருந்து கீழே உட்கார்ந்துவிட்டாள்.

பர்வின் சிரிக்கவில்லை. வேட்டி ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "யக்கா, இத எப்படிக்கா பாத்திரத்துக்குப் போடுறது? எல்லாம் தறி வேட்டி. வெளுத்து வெளுத்து எப்படி இருக்கு பாருங்க."

உண்மைதான். முப்பது வருஷம் வெளுத்த நூல் பாலாடை மாதிரி மெத்தென்று இருந்தது. மேகலா கிளிப்பச்சைக் கரையைத் தடவிப் பார்த்தாள். அந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு அவர் முதல் மாநாட்டுக்குப் போனபோது அவளுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். பொய் சொல்கிற ஆள் என்று அப்போது தெரியாது. அவளுக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது, அந்தத் துணி மேல் ஆசையும் வந்தது.

"கனி, கத்தரிக்கோல்" என்று சொல்லத் தொடங்கினாள். அது ஏற்கெனவே கையில் இருந்தது.

மறுநாள் மேகலா கடைத்தெருவுக்குப் போய் எவர்சில்வர் சொம்பு ஒன்று வாங்கிவந்து ரெங்கசாமி முன்னால் வைத்தாள். "பாத்திரக்காரரு இதான் குடுத்தாரு."

"அத்தன வேட்டிக்கு ஒரே ஒரு சொம்பா?"

"கர வேட்டின்னா மதிப்பு கம்மியாங்க."

ரெங்கசாமி சொம்பைத் திருப்பிப் பார்த்தார். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கேட்டால் தான்தான் மாட்டிக்கொள்வோம் என்று அவருக்குத் தெரியும்.

போர்வை மூன்று மாதம் வளர்ந்தது. ஒரு கரை, நடுவில் நாலு விரல் வெள்ளை, அடுத்த கரை என்று வரிசையாக இணைத்தார்கள். வரிசை தப்பக் கூடாது என்று கனிமொழி அடம்பிடித்தாள். எந்தக் கட்சிக்கு அப்புறம் எந்தக் கட்சி என்று மேகலா சொல்லச் சொல்ல, அவள் சாக்கட்டியில் நம்பர் போட்டாள். ஆறாவதாக இப்போதைய கட்சியின் குங்குமப்பூ நிறக் கரை. கல்யாணப் பந்தியில் சாம்பார் கொட்டிக் கறையான வேட்டி ஒன்று அதற்குக் கிடைத்தது. பின்பக்கத்துக்குப் பர்வின் தன் பாத்திக் கைலிகளில் இரண்டைக் கொடுத்தாள். அதைக் கொடுக்க அவளுக்கு மனசே இல்லை, ஒரு வாரம் தள்ளிப்போட்டாள், கடைசியில் கொடுத்துவிட்டாள். எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்துச் சிவப்பு நூலில் பொடித் தையலாக ஓட்டினார்கள். குங்குமப்பூக் கரைக்குக் கீழே ஒரு சாண் வெள்ளை மீதி நின்றது.

"இங்க ஏதாச்சும் பூத் தைக்கலாமாக்கா?" என்று பர்வின் கேட்டாள்.

"வேணாம்" என்றாள் மேகலா. "அது சும்மா கெடக்கட்டும்."

கடைசி முடிச்சுப் போட்டதும் மேஜையில் விரித்துவிட்டு மூன்று பேரும் தள்ளி நின்று பார்த்தார்கள். எவ்வளவோ தைத்திருக்கிறார்கள், பை, தலையணை உறை, மேஜை விரிப்பு. இவ்வளவு அழகாக எதுவும் அமைந்ததில்லை. இவ்வளவு ஆபத்தாகவும் எதுவும் அமைந்ததில்லை.

அடுத்த புதன்கிழமை, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, ரெங்கசாமி சாதாரணமாகச் சொன்னார். "சனிக்கெழம சாயந்தரத்துக்குள்ள மாடியக் காலி பண்ணிரு. தேர்தல் ஆபீஸ் அங்கதான் போடணும்."

மேகலாவின் கை ரசக் கரண்டியோடு நின்றது. "அப்ப நாங்க எங்கங்க போறது?"

"பழந்துணி தைக்க ஒரு ரூமா? ஏதாச்சும் ஒரு மூலையில உக்காந்து தைங்க."

எந்த மூலை? பர்வின் வீட்டில் மாமனார், மாமியார், கொழுந்தன் குடும்பம் என்று ஏழு பேர். கனிமொழியின் வாடகை வீட்டில் மகள் பன்னிரண்டாம் வகுப்புக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள், ஊசி விழுந்தாலும் சண்டை. அறை போனால் சனிக்கிழமை போயிற்று. சனிக்கிழமை போனால் வாரத்துக்கு ஏழு நாளும் உரக்கடை வீட்டம்மாதான். மேகலா அவர் இலையில் ரசத்தை மட்டும் கொஞ்சம் அதிகமாக, சூடாக ஊற்றினாள்.

சனிக்கிழமை இரண்டு மணிக்கு மூவரும் மாடியில் கூடியது தைக்க இல்லை, மூட்டை கட்ட. துணியெல்லாம் கூடத்துக்கு இறங்கியது. மெஷின்தான் படுத்தியது. இரும்புக் காலோடு அதைத் தூக்கிக்கொண்டு பாதிப் படிவரை வந்தார்கள், திருப்பத்தில் சிக்கிக்கொண்டது. அங்கேயே நிறுத்திவிட்டு மூச்சு வாங்கினார்கள்.

"இந்தப் போர்வைய என்னக்கா பண்றது?" என்று கனிமொழி மெதுவாகக் கேட்டாள். ரெங்கசாமி கூடத்தில்தான் உலாத்திக்கொண்டிருந்தார்.

"நீ உன் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடு."

"அவரு முன்னாடியேவா?"

பர்வின்தான் யோசனை சொன்னாள். கடைசிக் கரை மட்டும் வெளியே தெரிகிற மாதிரி மடித்துவிட்டால் அவருடைய வேட்டி என்றே நினைத்துக்கொள்வார். அப்படியே நாலாக, எட்டாக மடித்தார்கள். கிளிப்பச்சையிலிருந்து வெங்காயத் தோல்வரை எல்லாம் உள்ளே போயிற்று. வெளியே குங்குமப்பூ நிறம் மட்டும் பளிச்சென்று நின்றது. மூட்டைகளுக்கு மேல் அதை வைத்தார்கள்.

அந்த நேரம் பார்த்து ரெங்கசாமியின் போன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்த மாவட்டச் செயலாளர் பஞ்சநதம் ஒரு நாள் முன்னதாகவே கிளம்பிவிட்டாராம். சீட்டு யாருக்கு என்று எழுதுகிற கை அவருடையது. "பைபாஸ்ல இருக்காராம், பத்து நிமிஷம்" என்று ரெங்கசாமி கத்தினார். சட்டையை மாற்றினார், பொன்னாடையைத் தேடினார், நாற்காலியைத் துடைத்தார். கூடத்து மேஜையைப் பார்த்ததும் தலையில் கை வைத்தார். அதில் விரித்திருந்தது பூச்சிமருந்து கம்பெனிக்காரன் கொடுத்த ரெக்சின். நடுவில் கத்திரிக்காய்ப் புழு, பத்து மடங்கு பெரிதாக.

"இதுல வெச்சா அவருக்கு டிபன் குடுக்குறது? நல்ல துணி ஏதாச்சும் இல்லியா?"

சொல்லிக்கொண்டே திரும்பியவர் கண்ணில் குங்குமப்பூக் கரை பட்டது. கட்சிக் கரை போட்ட துணி, புதிதாகத் தைத்து, மடிப்புக் கலையாமல் தயாராக இருக்கிறது. முகம் மலர்ந்துவிட்டது. "அட, எனக்குன்னே தைச்சியா? முன்னாடியே சொல்லப்படாதா?"

மேகலா வாயைத் திறந்தாள். கனிமொழி அவள் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். மேகலா வாயை மூடிக்கொண்டாள். நாளைக்கு யாராவது கேட்டால், சொல்லத்தான் போனேன், அதற்குள் அவரே எடுத்துவிட்டார் என்று சொல்லலாம். அது முழுப் பொய்யும் இல்லை.

ரெங்கசாமி ரெக்சினை உருவி எறிந்தார். போர்வையின் ஒரு முனையைப் பிடித்து மேஜை மேல் ஒரே உதறாக உதறினார். வாசலில் கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. விரித்ததைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பொன்னாடையோடு ஓடினார். ஆறு கரையும் மேஜை நீளத்துக்கு அழகாக, வரிசை மாறாமல் கிடந்தன.

"அல்லாவே" என்றாள் பர்வின், வாய்க்குள்ளேயே. மூன்று பேரும் அடுக்களைக்குள் போய்க் கதவிடுக்கில் நின்றார்கள்.

பஞ்சநதத்துக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். மூட்டு வலி, மெதுவாகத்தான் நடந்தார். ரெங்கசாமி பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு வந்தார். "அண்ணே, என்னைப் பத்தி யாரு என்ன சொன்னாலும் நம்பாதீங்க. பொறந்ததுலேர்ந்தே எனக்கு இந்தக் கரதான்ணே. வேற கரைய இந்த இடுப்புல கட்டினதில்ல."

சொல்லி முடித்து மேஜையைப் பார்த்தார். கட்டியிருந்த கை தானாக அவிழ்ந்தது.

பஞ்சநதமும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். ஆள்காட்டி விரலைக் கிளிப்பச்சையில் வைத்தார், கத்திரிப்பூவுக்கு நகர்த்தினார், தடித்த கரைக்கு வந்து நிறுத்தினார்.

"யாரு தைச்சது இது?"

இனி உள்ளே நின்றால் அசிங்கம் என்று மேகலா எவர்சில்வர் சொம்பில் தண்ணீரோடு வெளியே வந்தாள். சீட்டுப் போனால் இவர் ஒரு வருஷத்துக்கு உறுமிக்கொண்டிருப்பார், அறையும் இல்லை, வீடும் நிம்மதி இல்லை. கிண்டலுக்குத் தைத்தது இப்படிக் கழுத்துக்கு வரும் என்று அவள் நினைக்கவில்லை.

"நாங்க மூணு பேருங்க. நானும் உள்ள நிக்கிற ரெண்டு பேரும்."

"துணி ஏது?"

"எல்லாம் பழந்துணிங்க. பாத்திரக்காரர்கிட்ட போக வேண்டியது."

ரெங்கசாமி சொம்பைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், மறுபடி சொம்பைப் பார்த்தார்.

பஞ்சநதம் தண்ணீரை வாங்கிக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். "இந்த மஞ்சக் கர இருக்கே, தங்கச்சி, இத்தன அகலத்துல ஒரே ஒரு தடவதான் போட்டது. திருவாரூர் மாநாட்டுக்குன்னே தனியாச் சொல்லி நெய்ய வெச்சோம். அகலமாப் போனதால தறிக்காரங்க என்னத்தான் திட்டினாங்க."

"உங்களையா?" என்றாள் மேகலா.

"பந்தல் பொறுப்பு, வேட்டிப் பொறுப்பு ரெண்டும் நான்தானே."

ரெங்கசாமியின் முகத்தில் கொஞ்சமாக ரத்தம் ஊறியது. "அண்ணே, நீங்களும் அங்க இருந்தீங்களா?"

"எனக்கு முன்னாடி வரிசையில நீ உக்காந்திருந்தியேப்பா. பிரியாணிப் பொட்டலத்துக்குச் சண்டகூடப் போட்ட." பஞ்சநதம் விரலை மறுபடி மேலிருந்து கீழே ஓட்டினார். உதடு அசைந்தது. எண்ணுகிறார் என்று மூன்று பெண்களுக்கும் புரிந்தது. வெங்காயத் தோல் நிறத்துக்கும் குங்குமப்பூவுக்கும் நடுவில் இருந்த வெள்ளையில் நிறுத்தினார். "இங்க ஒண்ணு விட்டுப்போயிருக்கு. பாசி நிறக் கர. பதினோரு மாசம்தான் நடந்துச்சு, பாவம்."

"அதுல நான் இல்லண்ணே" என்றார் ரெங்கசாமி.

"நான் இருந்தேன்."

அடுக்களைக்குள் யாரோ முந்தானையைக் கடித்துக்கொண்டு சிரிக்கிற சத்தம் வந்தது. கனிமொழிதான், வேறு யார். பஞ்சநதம் அதைக் கேட்காத மாதிரி போர்வையின் ஓரத்தைத் தூக்கிப் பின்பக்கத்துப் பாத்திக்கைப் பார்த்தார், சிவப்புத் தையலைக் கட்டை விரலால் நீவினார். துணியைத் தொடத் தெரிந்த விரல்.

"தங்கச்சி, எங்க வீட்டுலயும் ஒரு பெட்டி கெடக்கு. தூக்கிப் போடவும் மனசு வல்ல, கட்டவும் முடியல. அனுப்பி வெச்சா இதே மாதிரி ஒண்ணு தைச்சுத் தருவீங்களா? வீட்டுக்குள்ள, கதவ சாத்திட்டுப் போத்திக்கத்தான். வெளிய சொல்லக் கூடாது."

மேகலாவுக்குப் பயம் போய்விட்டது. படித் திருப்பத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிற மெஷினை ஒரு பார்வை பார்த்தாள்.

"தாராளமாத் தைக்கலாம்ங்க. ஏழு கர, மூணு மாசம் ஆகும். ஆனா எடம்தான் இல்ல. இன்னையோட மாடியக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. கட்சி ஆபீஸ் வருதாம்."

பஞ்சநதம் ரெங்கசாமி பக்கம் திரும்பினார். "கட்சி ஆபீசா? எனக்கு மூட்டு வலி, நான் மாடி ஏறணுமா? அதான் உரக்குடோன் பெருசா கெடக்கே, அங்க போடு."

"சரிங்கண்ணே."

"அப்புறம் நீ சீட்டு கேட்குற விண்ணப்பத்துல 'பிறந்ததிலிருந்து'ன்னு எழுதியிருக்க பாரு. அத அடிச்சிட்டு வருஷத்தப் போடு. நம்ம ஆளுங்கள்ல பாதிப் பேரு அப்படியே எழுதி அனுப்புறான், மேல சிரிக்கிறாங்க."

"போட்டுடுறேண்ணே."

பஞ்சநதம் இரண்டு வடை சாப்பிட்டார், காபி குடித்தார், சீட்டைப் பற்றி ஆம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் எழுந்தார். கார் ஏறும்போது மட்டும், "பெட்டி திங்கக்கெழம வரும் தங்கச்சி" என்றார்.

கார் தெரு முனை திரும்பியதும் ரெங்கசாமி வெகுநேரம் வாசலிலேயே நின்றார். உள்ளே வந்து மனைவியை முறைக்கப் பார்த்தார். முறைப்பு சரியாக வரவில்லை. போர்வையைத் தானே மடித்தார், மறுபடி குங்குமப்பூக் கரை வெளியே தெரிகிற மாதிரியே மடித்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியில் ஏறி, மெஷினின் கீழ்ப்பக்கத்தைப் பிடித்தார். "புடிங்க" என்றார்.

பர்வினும் கனிமொழியும் மேலே பிடித்தார்கள். மேகலா நடுவில் தாங்கினாள். ஒவ்வொரு படியாக இரும்புக் கால் ஏறியது. மூன்று படி ஏறியதும் ரெங்கசாமி நின்று மூச்சு வாங்கினார்.

"ஏய் மேகலா."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதை விரல் விட்டு எண்ணிவிடலாம். "என்னங்க?" என்றாள்.

"கடைசிக் கரைக்குக் கீழ ஒரு சாண் வெள்ளையா விட்டிருக்கியே, எதுக்கு?"

மேகலா அவசரப்படவில்லை. "எதுக்குன்னு உங்களுக்குத் தெரியாதாங்க?"

ரெங்கசாமி மெஷினை இறுகப் பிடித்தார். மறுபடி தூக்கினார். மெஷின் திருப்பத்தைத் தாண்டி, மாடி அறை வாசலைத் தாண்டி, வடக்கு ஜன்னல் பக்கத்தில் தன் பழைய இடத்தில் போய் உட்கார்ந்தது. அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு படி இறங்கத் தொடங்கினார். நாலாவது படியில் நின்று, திரும்பாமலே சொன்னார்.

"ஒரு சாண் போதுமான்னு பாத்துக்க."